மலை ஸ்டேடியத்தில் மணி அடித்தவர்

அந்த மலை ஊர் ஸ்டேடியத்தில் அன்று காலை இருந்தவர்கள்: ஐயாயிரம் மீட்டர் ஓட வந்த ஒன்பது பெண்கள், அதில் எட்டுப் பேருக்குக் கோச், எங்கள் பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு வேன் டிரைவர் நான், நாலைந்து ஆபீசர்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க ஒரு பெரியவர். எங்கள் கோச் காய்ச்சலில் தாம்பரத்திலேயே நின்றுவிட்டார். ஜெயித்தால் எங்கள் பெண்ணுக்குக் காலேஜில் சீட்.

பெரியவர் ஒடிசலான ஆள், தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். தவறி அடித்துவிடக் கூடாதென்று மணியின் நாக்கை மஃப்ளரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு முடிவுக் கோட்டருகே நின்றார். பனியில் கோல் போஸ்ட்கூடத் தெரியவில்லை. பின்தங்கி வந்த ஒருத்தியை முதலில் வருகிறவள் என்று நினைத்துச் சுற்றில் ஒன்றைக் கூட்டி எண்ணி, ஒரு சுற்று முன்னாலேயே மணி அடித்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு" என்று மற்ற கோச்சுகள் தங்கள் பெண்களுக்குக் கத்தினார்கள். நான் மணியை நம்பி, "கடைசி சுத்து பாப்பா, வுடாத" என்றேன். அவள் எல்லாருக்கும் முன்னால் பறந்து வந்து கோட்டைத் தாண்டிப் படுத்துவிட்டாள். மற்றவர்கள் அவளைக் கடந்து ஓடினார்கள்.

பெரியவரே போய் ஆபீசர்களிடம் தப்பைச் சொன்னார். ரிசல்ட் மாறவில்லை. பிறகு எங்கள் வேனுக்கு வந்தார்.

"இப்ப இன்னாத்துக்கு வந்தே?" என்றேன்.

"பொண்ணுகிட்டயும் சொல்லணும்ல தம்பி. தப்பு என்னோடதும்மா."

அவள் ஜன்னலைத் திறந்தாள். "சார், நான் படுத்தப்போ அடுத்தவ எவ்ளோ பின்னாடி வந்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் ஏன் சொன்னார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

"பதினாலு செகண்ட்."