முகப்பக்கத்தில் எழுதாத கல்

சௌந்தரத்துக்கு மனிதர்களைப் பிடிக்காது, தோலைப் பிடிக்கும். ஆம்பூரில் ஒரு டேனரியில், பதனிட்டு முடித்த தோல்களை விரித்துத் தரம் பிரிக்கும் மேசையில் கல்யாணமான புதிதில் நின்றவள், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, நரம்பு ஓடிய தடம் எல்லாம் அவள் விரலுக்குத்தான் முதலில் தெரியும், கண்ணுக்கு அப்புறம். மனிதர்களிடமும் அப்படியே தடவிப் பார்த்துக் குறையை எடுத்து வெளியே போடுவாள். கூட வேலை செய்யும் பிரிசில்லாவின் மகன் வேலையை விட்டுவிட்டு வந்தபோது, வளர்த்த லட்சணம் அப்படி என்றாள். பக்கத்து மேசை மேகலா புதுப்புடவை கட்டி வந்தால், சாயம் ஒரு தண்ணிக்குத் தாங்காது என்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும்.

ஆனால் பாத்திரம் வாங்க, பட்டு எடுக்க என்று யார் கடைக்குப் போனாலும் துணைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று டேனரியில் பேச்சு. அவளுக்கு இருந்த ஒரே நல்ல பேர் அது. அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவளுடைய நிரந்தர எதிரி ஓரகத்தி ஹேமலதா. மாமியார் சாகும்போது தன் வைர மூக்குத்தியை மூத்த மருமகளான ஹேமலதாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து எந்த விசேஷமானாலும் ஹேமலதா சௌந்தரத்துக்கு நேரெதிரே இடம் பார்த்து உட்காருவாள், வெளிச்சம் விழும் பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டு. மகன் சூரியபிரகாஷின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வந்தவள் உள்ளேகூட வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, "மூக்குல தங்கத்துலயே ஒரு பொட்டு வெச்சிக்கினு வா, சௌந்தரம். தோலு நாத்தத்துக்கு வைரமெல்லாம் நிக்காது" என்றாள்.

சௌந்தரம் பத்திரிகையை வாங்கி, பிரிக்காமலே அலமாரி மேல் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினாள்.

நகைக்கடையில் சௌமியா என்ற பெண் ஒரு கல்லைக் காட்டினாள். கூடவே, சோதனைக்கூடம் ஒன்று கொடுத்த தரச் சான்றிதழ். கல்லின் எடை, நிறம், உள்ளே என்ன குறை, பூமியில் எடுத்ததா ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததா எல்லாம் அதில் இருக்கும் என்றாள். லென்ஸைக் கொடுத்துக் கல்லின் விளிம்பைப் பார்க்கச் சொன்னாள். முடியைவிட மெல்லிய எழுத்தில் ஒரு எண். சான்றிதழிலும் அதே எண். எங்கே வாங்கினாலும் இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும், பிறகு அந்த எண்ணைச் சோதனைக்கூடத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகவே சொன்னாள்.

சௌந்தரம் லென்ஸ் வழியாக நெடுநேரம் பார்த்தாள். கல் தண்ணீர்போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. அவளுக்கு உள்ளே மணி அடித்தது. தழும்பே இல்லாத தோல் என்று எவன் நீட்டினாலும் அது தேய்த்துப் பெயின்ட் பூசியதாக இருக்கும், இல்லையென்றால் ரெக்ஸினாக இருக்கும். உயிரோடு இருந்த எதிலும் குறை இருக்கும். அதோடு இந்த எண். தோலில் முத்திரை குத்துவதானால் சதைப்பக்கம்தான் குத்துவார்கள். முடி இருந்த முகப்பக்கத்தில் குத்தினால் அந்தத் தோல் கழிவு. கல்லின் மேலேயே எழுதி வைத்துவிட்டு அதை நல்ல கல் என்கிறாளே இந்தப் பெண்.

"பெயின்ட் அடிச்ச தோல இருவது வருசத்துக்கு மேல பாத்தவ நானு. வேற ஆளப் பாரும்மா" என்று எழுந்துவிட்டாள். சௌமியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

டேனரி கேட்டில் பெண்களுக்குத் தவணையில் நகை கொடுக்கும் சம்பத்துக்கு நன்றாகவே புரிந்தது. முன்பு அதே டேனரியில் கிளார்க்காக இருந்தவன். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டான். இரண்டு நாள் கழித்து, நடுவில் மிளகுத்தூள்போல ஒரு கருப்புப் புள்ளி உள்ள கல்லைக் கொண்டுவந்தான்.

"பாத்தியாக்கா? பூமியில வெளைஞ்சதுன்னா மச்சம் இருக்கும். இதுல நம்பர் கிம்பர்னு கீறி வெச்சு கல்லக் கெடுக்கல" என்றான். சான்றிதழ் என்று தன் பேர் அச்சடித்த வழவழப்பான அட்டை ஒன்றும் கொடுத்தான்.

சௌந்தரம் அந்தப் புள்ளியைப் பார்த்த பார்வையில் பாசம் இருந்தது. புருஷன் தயங்கித் தயங்கி, வேறு யாரிடமாவது காட்டலாமே என்றான். அவனுக்கு ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் வித்தியாசம் தெரியாது என்று வாயை அடைத்தாள்.

கல்யாணத்தில் அவள் மூக்கு ஹேமலதாவின் மூக்கைவிடப் பெரிதாக மின்னியது. ஹேமலதா மணப்பந்தல் வேலையை விட்டுவிட்டு வந்து, முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள். புது மருமகள் போட்டு வந்த வைரத்துக்கெல்லாம் விளிம்பில் எண் இருக்கிறதாம். இதில் எங்கே என்று கேட்டாள். நல்ல கல்லில் யாரும் எழுதமாட்டார்கள் என்றாள் சௌந்தரம். ஹேமலதா பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "அப்ப கண்ணாடிதான்" என்றாள். விருந்து முடிவதற்குள் அந்தச் சொல் பந்தி முழுக்கப் போய்விட்டு வந்தது.

அவள் வாயை அடைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் சௌந்தரம் மறுபடி வேலூருக்குப் போனாள். சௌமியா பழசைப் பேசாமல் மூக்குத்தியை வாங்கி உள்ளே இருந்த கருவியில் வைத்தாள். கண்ணாடி இல்லை, ஆனால் மெஷினில் வளர்த்த கல் என்று வந்து சொன்னாள். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு வீண். அதை வளர்த்த கல் என்று சொல்லி விற்றிருந்தால் தப்பில்லை, மறைத்து விற்றதுதான் மோசடி என்றாள். அந்தக் கருப்புப் புள்ளி?

"வளக்குற கல்லுலயும் வரும்மா. புள்ளிய வெச்சு எதுவும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் அந்த சர்டிபிகேட்டு."

சௌந்தரம் பஸ்ஸில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

மூக்குத்தியை நீட்டிக் கேட்டபோது சம்பத் சண்டை போடவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். எண் உள்ள கல், ஒழுங்கான சான்றிதழோடு, கொஞ்சம் சின்னது, ஆனால் பூமிக் கல், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தருகிறேன் என்றான்.

"நீ கேட்ல வாயத் தொறக்காத, அவ்ளோதான். உன்னையே ஒருத்தன் ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா, அசிங்கம் எனக்கா உனக்கா? யோசிச்சுப் பாருக்கா."

அவள் ராத்திரி முழுக்க யோசித்தாள். அவன் சொன்னது நிஜம். வெள்ளிக்கிழமை நல்ல கல் வரும், ஹேமலதாவின் கண்ணெதிரே எண்ணைக் காட்டலாம், நல்ல பேரும் அப்படியே இருக்கும். அவனிடம் வைரத்தோடு வாங்கிய பிரிசில்லாவும் மேகலாவும் அவளுக்கு என்ன உறவா, ஒட்டா? அவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆனால், யோசிச்சுப் பாருக்கா என்று அவன் சொன்னபோது அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அவளைத் தடவிப் பார்த்துத் தரம் போட்டுவிட்டவனின் சிரிப்பு. அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் மூக்குத்தியைக் கழற்றித் தரம் பிரிக்கும் மேசை மேல், விளக்குக்குக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் வந்து பாருங்கடி. சம்பத் என் தலையில கட்டுன கல்லு. நான் ஏமாந்துட்டேன்."

எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். பிறகு மேகலா வெடித்துச் சிரித்தாள். அக்காவையே ஏமாற்றிவிட்டானா என்று பிரிசில்லா டிபன் பாக்ஸை வைத்துவிட்டுக் கைதட்டினாள். புடவைச் சாயத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் சேர்த்து இத்தனை வருஷமாகக் காத்திருந்த சிரிப்பு அது. பாலிஷ் செக்ஷனிலிருந்தும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சௌந்தரம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை நின்றாள். முகம் செம்பாகச் சிவந்திருந்தது.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா? அவன்கிட்ட நீங்க வாங்குனதுல மட்டும் நம்பர் இருக்குதா?" என்றாள்.

சிரிப்பு அடங்கியது. பிரிசில்லாவின் கை தன் காதுக்குப் போனது. மெதுவாகத் திருகாணியைக் கழற்றினாள். மேகலாவும் கழற்றினாள். பின்னாலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். சனிக்கிழமை வேலூர்க் கடைக்கு எல்லோரும் போய்ச் சோதித்துப் பார்ப்பது, அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன் என்று சௌந்தரம் சொன்னாள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. மேசை மேல் தோடுகள் குவிந்தன.

"மூதேவிங்களா, ஒண்ணா கொட்டாதீங்க" என்று அவள் கத்தினாள். "அவங்கவங்க எதிர அவங்கவங்களது. அப்புறம் எவளுது எதுன்னு என்னால பஞ்சாயத்து பண்ண முடியாது."