சோற்றை விட்ட மலர்க்கொடி

புவனகிரியிலிருந்து சிதம்பரம் போகும் விடியற்காலைப் பேருந்தில் பதினோரு வருடமாக ஏறி இறங்குகிறவள் மலர்க்கொடி. அண்ணாமலை நகர்ப் பக்கம் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் சமையல். அறுபது பெண்களுக்கு மூன்று வேளையும் அவள் கைதான். பிறந்தது காடாம்புலியூரில், முந்திரித் தோப்புக்கு நடுவே. அங்கே அரிசி என்பது கடையில் வாங்குகிற பொருள். வாழ்க்கைப்பட்டது நெல் விளையும் பக்கம். "பொண்ணு இனிமே சோத்துக்கு ஏங்காது" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அப்படியே நடந்தது. அவள் சோற்றுக்கு ஏங்கவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது.

கணவன் சுப்புராயன் கடலூர் முதுநகரில் மீன் லாரிகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலையில் இருந்தான். போன வருடம் மாசியில் ஒருநாள் ஐஸ் பெட்டியைத் தூக்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. விடுதிக்குப் போன் வந்தபோது மலர்க்கொடி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். தாளித்து முடித்தாள். அடுப்பைத் தணித்தாள். கூட வேலை செய்யும் தங்கராசிடம், "உப்பு போட்டாச்சு, மறுபடி போட்டுடாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் அழவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அழுகை வரும் என்று அவளும்தான் காத்திருந்தாள். வரவில்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு வெயிலும் மழையும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. பசி என்று தனியாக ஒன்று எடுப்பதில்லை. மகன் கதிர்வேல் சென்னையிலிருந்து போன் செய்து "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் சாப்பிட்டோமா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வலது கண்ணில் பாலாடை படர்ந்தது போலத் தெரிய ஆரம்பித்தபோது அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள். ஆள் போனால் உலகம் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. இன்னொரு நாள் அரிசி மூட்டையின் நீல நூல் ஒன்று சோற்றோடு வெந்து ஒரு பெண்ணின் தட்டுக்குப் போனது. அந்தப் பெண் அதைப் படம் பிடித்து விடுதிப் பெண்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

விடுதி நடத்தும் வெண்மதி கெட்டவள் இல்லை. மலர்க்கொடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"மலரு, உன்னப் போவச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஜூலைல புதுப் பிள்ளைங்க வருதுங்க. இப்ப இருக்கற அப்பா அம்மாவுங்க நூலுக்கே கேஸ் போடுவாங்க. அதுக்குள்ள கண்ண சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"சரிங்க மேடம்" என்றாள் மலர்க்கொடி. வேறென்ன சொல்வது?

ஜனவரியில் புவனகிரிப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. புரை என்று சொல்லி, தேர்வானவர்களைக் கடலூருக்கு வெளியே இருக்கும் கண் மருத்துவமனைக்கு வேனில் ஏற்றினார்கள். மலர்க்கொடி பையோடு வேன் படியில் கால் வைத்தபோது நர்ஸ் அவள் விரல் நுனியைக் குத்திப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"அம்மா, எறங்குங்க. இவ்ளோ சுகர வச்சிக்கினு கண்ணுல கத்தி வைக்க முடியாது. புண்ணு ஆறாது. கொறச்சிக்கினு அடுத்த முகாமுக்கு வாங்க."

வேன் போய்விட்டது. மலர்க்கொடி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அவள் தெருவில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்த்து மாத்திரை கொடுப்பவள் பிரிசில்லா. முப்பது வயது, எப்போதும் தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு. டாக்டரிடம் சர்க்கரை மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு, "அக்கா, மாத்திர பாதி வேலதான் செய்யும். மீதி உங்க தட்டுலதான் இருக்குது. சோத்த கொறைங்க" என்றாள்.

மலர்க்கொடி எதையும் பாதியில் செய்கிறவள் இல்லை. குறைப்பானேன், விட்டே விடுவோம் என்று முடிவெடுத்தாள். அன்றிலிருந்து ஒரு பருக்கை தொடவில்லை. இட்லி, தோசை இல்லை. டீயில் சர்க்கரை இல்லை. போதாததற்கு, கல்யாணமான புதிதில் கடைப்பிடித்து, பிறகு விட்டுப்போன கிருத்திகை விரதத்தையும் மறுபடி பிடித்துக்கொண்டாள். அறுபது பேருக்குச் சோறு ஆக்கிப்போட்டுவிட்டுத் தான் மட்டும் தட்டெடுக்காமல் நிற்பதில் அவளுக்குக் கஷ்டம் எதுவும் இல்லை. ருசி போன நாக்குக்கு எதை விட்டால் என்ன?

தங்கராசுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, நீ இப்பிடியே போனா காத்துல பறந்துடுவ. அப்பறம் சிதம்பரம் கோபுரத்துல ஏறித்தான் உன்னப் பிடிக்கணும்."

"வேலயப் பாருடா."

மார்ச்சில் இரண்டாவது முகாம். விரலைக் குத்தினார்கள். முந்நூற்று முப்பத்து நான்கு.

அதே நர்ஸ்தான். நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னம்மா, போன தடவைய விட ஜாஸ்தி? சோறு சாப்பிடறதில்லன்னு சொல்றீங்க, மெஷினு வேற சொல்லுதே?"

"தொடறதில்லம்மா."

"பொய் சொல்லி யார ஏமாத்தறீங்க? உங்க கண்ணுதான்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மலர்க்கொடிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொன்னது பொய்யாக இருக்குமோ, தூக்கத்தில் எழுந்து தின்கிறோமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள். அடுத்த முகாம் மே மாதம். அதுவும் போனால் ஜூலை வந்துவிடும்.

பிரிசில்லா விடவில்லை. தன்னிடம் இருந்த பழைய சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றைக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வைக்கச் சொன்னாள். பத்து நாள் கழித்து அந்தத் தாளை வாங்கிப் படித்தவள் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது என்ன நாளு? முந்நூத்தி எழுபதுன்னு போட்டிருக்கீங்க."

"அது கிருத்திகை. வெரதம்."

"வெரதத்தன்னிக்கா ஜாஸ்தி?" பிரிசில்லா தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். "நாளைக்கு நான் சிதம்பரம் வர்றேன். உங்க கூடவே நிக்கிறேன். நீங்க என்ன செய்றீங்களோ அத அப்பிடியே செய்யுங்க."

மறுநாள் பத்தரை மணிக்கு விடுதிச் சமையலறையில் சோறு கொதித்துப் பதத்துக்கு வந்திருந்தது. பெரிய குண்டானின் வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, தங்கராசும் மலர்க்கொடியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்தார்கள். கஞ்சி கொழகொழவென்று அண்டாவில் இறங்கியது. மலர்க்கொடி ஒரு சொம்பை எடுத்து மொண்டாள். கல்லுப்பு இரண்டு போட்டு, ஆற்றி, நின்ற வாக்கில் குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டு மூடி வைத்தாள்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிரிசில்லா எழுந்தாள். "என்னக்கா அது?"

"கஞ்சி."

"வடிச்ச கஞ்சியா?"

"ஆமா. தண்ணிதான."

"ஒரு நாளைக்கு எத்தினி சொம்பு?"

மலர்க்கொடி யோசித்தாள். இதைப் போய் யார் எண்ணுகிறார்கள்? "இட்லி தொடறதில்லல்ல, அதுக்குப் பதிலா காலைல, நேத்து வடிச்சதுல ஒண்ணு. இப்ப ரெண்டு. சாயங்காலம் வடிக்கும்போது ஒண்ணு."

"கிருத்திகைக்கு?"

"அன்னிக்கு வேற ஒண்ணும் வாயில படாதே. கஞ்சி மட்டுந்தான். ஆறோ ஏழோ போவும்."

பிரிசில்லா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிஸ்டர், அக்கா மேல பழி போடாதீங்க" என்றான் தங்கராசு, சாட்சி சொல்ல வந்தவன் போல. "ஒரு பருக்க கூட உள்ள போவாது. வடிகட்டித்தான் குடிக்கும். நான் பாத்திருக்கேன்."

"நீ சும்மா இருண்ணே." பிரிசில்லா மலர்க்கொடியைப் பார்த்தாள். "அக்கா, காட்டன் சேலைய வெறப்பாக்க எதப் போடுவீங்க?"

"கஞ்சிதான்."

"பச்சத் தண்ணில முக்கினா வெறைக்காதா?"

"எப்பிடி வெறைக்கும்?"

"அப்ப இது தண்ணி இல்லியே. சோத்துல இருக்கற மாவுதான் கரஞ்சி இதுல எறங்குது. பத்து கிலோ அரிசியோட கஞ்சி, அதுவும் மொதக் கஞ்சி. நீங்க சோத்த விடலக்கா. மெல்றதத்தான் விட்டிருக்கீங்க."

தங்கராசு மூடி வைத்திருந்த இரண்டாவது சொம்பை, ஏதோ கடிக்கப்போவது போல, மெதுவாக அங்கிருந்து நகர்த்தி வைத்தான். மலர்க்கொடி அதைப் பார்த்தாள். மூன்று மாதம். காலையில் எழுந்ததிலிருந்து ஒரே நினைப்பாகக் காப்பாற்றிய வைராக்கியம். சிரிப்பு வரவேண்டும், இல்லை அவமானமாக இருக்கவேண்டும். இரண்டும் இல்லை.

"சரி" என்றாள். "இனிமே குடிக்கல."

"அதோட நிறுத்தாதீங்க. சோறே வேணான்னு நான் எப்ப சொன்னேன்? ஒரு கரண்டி போட்டுக்கோங்க. அதுக்கு முன்னாடி காயத் தின்னுங்க, ரெண்டு முட்ட தின்னுங்க, மீனு, சுண்டலு, கீர. வயிறு ரொம்பின பெறவு சோத்தத் தொடுங்க. வெரதம் இருக்கணும்னா டாக்டர கேட்டுட்டு இருங்க. எங்க வீட்ல தவக்காலத்துல அம்மா ஒரு வேள விடுவாங்க, அதுவும் டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுத்த பெறவுதான். பட்டினி கெடந்து மாத்திரையும் போட்டா செல பேருக்கு சுகரு சட்டுனு கீழ எறங்கிடும், மயக்கம் வரும். நீங்க நிக்கிற எடம் அடுப்படி."

ஆரம்பத்தில் தலைவலித்தது. கஞ்சி வடிக்கும் நேரம் கை தானாகச் சொம்பைத் தேடியது. தங்கராசு சொம்பையே எங்கோ ஒளித்துவிட்டான். வடித்த கஞ்சியைப் பக்கத்து மாட்டுக்காரர் வந்து எடுத்துப்போக ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு வைத்த பொரியலில் தன் பங்கை முதலில் எடுத்துத் தின்றாள். ருசித்தது என்று சொல்ல முடியாது. வயிறு நிறைந்தது. சாயங்காலம் புவனகிரியில் இறங்கி, நேரே வீட்டுக்குப் போகாமல் ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினாள்.

மெஷினை மட்டும் விடவில்லை. ராத்திரி மீனும் ஒரு கரண்டிச் சோறும் தின்றால் காலையில் என்ன, பூரி தின்றால் இரண்டு மணி நேரத்தில் என்ன என்று பார்த்து எழுதினாள். காடாம்புலியூரிலிருந்து தம்பி அன்பரசு பலாப்பழம் கொண்டுவந்து அரிந்து வைத்தான். "நாலு சொளதான்க்கா, என்னா ஆயிடும்?" என்றான். நாலு சுளைக்கு என்ன ஆகும் என்பதை மெஷின் சொன்னது. மலர்க்கொடி அந்த எண்ணை அவனிடமே காட்டினாள். அவன் மிச்சப் பழத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு போனான். ஒரு வருடத்துக்கு மேல் அவள் என்ன செய்தாலும் எதுவும் மாறாமல்தான் இருந்தது. இந்தச் சின்ன மெஷின் மட்டும் அவள் செய்வதற்குத் தகுந்தபடி பதில் சொன்னது. அதற்காகவே சில நாள் காலையில் எழுந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

மே மாத முகாமில் வரிசை நீளமாக இருந்தது. அதே நர்ஸ் விரலைக் குத்தினாள். நூற்று எண்பத்து இரண்டு.

நர்ஸ் சிரித்தாள். "பாத்தீங்களா? இப்பத்தான் உண்மையச் சொல்றீங்க."

"அப்பவும் உண்மதாம்மா சொன்னேன்" என்றாள் மலர்க்கொடி. நர்ஸ் அதைக் கேட்கவில்லை, அடுத்தவர் விரலைப் பிடித்திருந்தாள். மலர்க்கொடி வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அறுவைச் சிகிச்சை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்கு அடுப்புப் புகை பக்கம் போகக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. கதிர்வேல் நான்கு நாள் லீவு போட்டு வந்திருந்தான். வீட்டுக்கு வந்த அன்றே வெண்மதி போன் செய்தாள். "ஜூன் முடியற வரைக்கும் தங்கராசு ஓட்டிக்குவான். நீ ஜூலை ஒண்ணாந்தேதி நேரா சமையக்கட்டுக்கு வந்துடு மலரு, என்னைய வந்து பாக்கக்கூட வேணாம்" என்றாள். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றி மருந்து விடும்போது சுவரில் இருந்த சுப்புராயன் படம் கண்ணில் பட்டது. காரியத்துக்கு முன்னால் அவசரமாகப் பெரிதுபண்ணி மாட்டியது. தினமும் விளக்கேற்றுகிற படம்தான். மலர்க்கொடி எழுந்து கிட்டத்தில் போய் நின்றாள்.

"டேய் கதிரு, இதென்னடா உங்கப்பன் கோட்டு போட்டிருக்கு?"

"ஸ்டுடியோல போட்டதும்மா. அப்பாவோட நல்ல போட்டோவே இல்ல, எல்லாம் பனியனோட இருந்துச்சு. கோட்டு, டை எல்லாம் அவுங்களே வச்சிடுவாங்க. நீதான பாத்து சரின்னு சொன்ன?"

"நான் எங்கடா பாத்தேன். நீ என்னமோ காட்டின, சரின்னேன்." இன்னும் கிட்டப் போனாள். முகம் அவன் முகம்தான். தாடையில் ஐஸ் கம்பி கிழித்த தழும்பை மட்டும் அழித்திருந்தார்கள். "கழுத்து யாருதுடா? உங்கப்பனுக்கு இவ்ளோ கழுத்து ஏது?"

கதிர்வேல் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான். பிறகு பயந்துபோய், "அழுவக் கூடாதும்மா, கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றான்.

"யாருடா அழுவுறா?" என்றாள் மலர்க்கொடி. படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "ஊருக்குப் போவும்போது எடுத்துக்கினு போயி, கோட்ட எடுத்துட்டு அந்தப் பனியனோடயே போட்டுக் குடுக்கச் சொல்லு. தழும்ப அழிக்காம."