மங்கலான படங்கள்

மரகதம் டீச்சரின் டேப் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படம் எடுக்க மாட்டேன் என்று கைவிரித்துவிட்டது. பிள்ளைகள் கிச்சடித் தட்டின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேமராவைத் திறந்தால் 'இடமில்லை' என்று ஒரு சிவப்பு வரி. அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டதற்குப் படம்தான் சாட்சி. படம் ஏறாவிட்டால் பதினெட்டுப் பிள்ளைகளும் அன்று பட்டினி என்று மேலே எழுதிக்கொள்வார்கள். தட்டை வழித்து நக்கிவிட்டு வெளியே ஓடிய பிள்ளைகளை யார் போய்க் கேட்கப் போகிறார்கள்.

மதியம் சூப்பர்வைசர் பானு மேடம் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவிலிருந்து போன் செய்தார்.

"டீச்சர், புது ஆப் வந்திருக்கு. மூணு ஜிபி காலியா வேணும். புதன்கிழமைக்குள்ள ஏத்திடுங்க. முடியலேன்னா டேப்பை கப்பல்ல அனுப்புங்க, ஃபார்மேட் பண்ணித் தர்றோம்."

"ஃபார்மேட்னா என்னா மேடம்?"

"பூரா சாஃப். உள்ள இருக்கிறதெல்லாம் போயி புதுசு மாதிரி ஆயிடும்."

வேறு ஆளாக இருந்தால் நல்லதாகப் போயிற்று என்று டேப்பைச் சாக்கில் சுற்றிக் கப்பலில் ஏற்றியிருப்பார்கள். மரகதத்தால் அது முடியாது. அந்த டேப்பில் பிள்ளைகள் மட்டும் இல்லை. நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவின் அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக் காகஜும் அதற்குள்தான் இருந்தது. அரசாங்க முத்திரை விழுந்த எந்தக் காகிதத்தையும் அங்கே இந்திக்காரர் மாதிரி காகஜ் என்றுதான் சொல்வார்கள்.

அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்றால், அவளுடைய அப்பா தம்பையாவிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்காக வந்து இறங்கியவர். கையில் இருந்தது, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த ஒரு குடும்ப அட்டை. ஆள் யார், எங்கிருந்து வந்தார், எந்த வருஷம் வந்தார் என்று சொல்கிற ஒரே காகிதம் அது. அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். கீழே கட்டைவிரல் ரேகைதான்.

சுனாமி வந்த அன்று மரகதத்துக்கு இருபத்தாறு வயது. எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். தம்பையா மட்டும் திரும்பிப் போய், கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் வந்தார். மகள் அன்று அவரைத் திட்டியது கொஞ்சநஞ்சமல்ல. டின்னுக்குள்ளும் கடல் புகுந்திருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றிலிருந்து கிடைத்த மற்றவர்களுடைய காகிதங்களோடு அதையும், ரப்பர் ஷீட் காயப்போடுகிற கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். காய்ந்தது, ஆனால் மை ஊறிப் பரவி, ஊர்ப் பேரும் ஆள் பேரும் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. அந்தக் கலங்கல் காகிதத்தை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் மேசை மேசையாக நின்றுதான் தம்பையா தன்னைத் தம்பையா என்று நிரூபித்தார். காகிதமே கிடைக்காதவர்கள் இன்னும் அதிகமாக அலைந்தார்கள்.

அதனால் 2019-இல் வேலைக்காக டேப் கைக்கு வந்ததும் அவள் எடுத்த முதல் படம் அந்த அட்டைதான். அதைப் பாயிலிருந்து எடுப்பதற்குள் பக்கத்து வீடுகள் வந்தன. பிறகு எல்லோருமே வந்தார்கள். அங்கன்வாடிப் பாயில் இரண்டிரண்டாகப் பரப்பி, வெளிச்சம் இருக்கும்போதே படம் எடுத்துவிடுவாள். அசல் காகிதங்கள் ஒவ்வொரு மழைக்காலமாகப் பூஞ்சை பிடித்து உதிர்ந்துபோயின. யாராவது போர்ட் பிளேருக்குப் போனால், வேண்டியவர்களின் காகஜை அவர்கள் போனில் ஷேர் செய்து ஏற்றி அனுப்புவாள். இங்கே நெட்டில் ஒரு படம் மேலே ஏறுவதற்குள் கப்பலே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஜெராக்ஸ் கடையில் அச்சு எடுத்துக்கொள்வார்கள். காகஜ் எங்கே என்று எவரைக் கேட்டாலும் "டீச்சர் டேப்ல இருக்கு" என்பதுதான் பதில். இந்த வார்த்தையைக் கேட்க மரகதத்துக்குப் பிடிக்கும். ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் பிடிக்கும்.

திங்கள் மாலை வேலையை ஆரம்பித்தாள். கிச்சடி, எடை மிஷின், கிச்சடி, கை கழுவுதல், கிச்சடி. ஐந்து வருஷமாகக் கிச்சடியை மட்டுமே படம் பிடித்திருக்கிறோமே என்று அவளுக்கே எரிச்சல் வந்தது. தொள்ளாயிரம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேய்த்து நீக்கினாள். முடித்துவிட்டுப் பார்த்தால் இடம் இம்மியும் கூடவில்லை. மறுநாள் காலை பானு மேடத்துக்குப் போன் செய்தாள்.

"டஸ்ட்பின் காலி பண்ணீங்களா டீச்சர்? அழிச்சது அதுக்குள்ளதான் கிடக்கும், முப்பது நாளைக்கு. அதையும் சாஃப் பண்ணாத்தான் இடம் வரும்."

"அப்ப ரெண்டு தரம் அழிக்கணும்னு சொல்லுங்க."

"டீக்கே, சரி, அப்படியே வச்சுக்கோங்க."

இரண்டு தரம் அழித்தாள். ஒன்றரை ஜிபி வந்தது. இன்னும் அதே அளவு வேண்டும். தோள்பட்டை கடுத்தது, கண் எரிந்தது. அப்போதுதான் டேப் தானாகவே ஒரு யோசனை சொன்னது: 'மங்கலான படங்கள் – 1.6 ஜிபி. நீக்கவா?' அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். முதல் வரிசையில் ஓடுகிற ஒரு பிள்ளை, எடை மிஷினில் துள்ளுகிற ஒரு பிள்ளை, ஆவியில் மறைந்துபோன கிச்சடி அண்டா. பிள்ளைகள் ஒரு நிமிஷம் நின்றால்தானே படம் தெளிவாக வரும். இந்த மிஷினுக்குக்கூட அறிவு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். நீக்கு என்று அழுத்தினாள். கற்ற பாடத்தை மறக்காமல் உடனே குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். பள்ளிக்கூட மேட்டுக்குப் போய் இரண்டு புள்ளி காட்டுகிற நெட்டில் புது ஆப்பை ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தனக்குத் தானே ஒரு நல்ல டீ போட்டுக் குடித்தாள்.

புதன்கிழமை மாலை வாசலில் அழகம்மா வந்து நின்றாள்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அழகம்மா பக்கத்து வீட்டுக்காரி. ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த ஒட்டு வீடுகள் அவை. நடுவே பலகைச் சுவர். ஒரு மழைக்காலத்தில் செல் என்கிற கரையான் அந்தப் பலகையை அரித்து, இரண்டு பக்கத்து அலமாரிக்குள்ளும் புகுந்து, இரண்டு வீட்டுக் குடும்ப அட்டையையும் மண்ணாக்கிவிட்டது. செல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் சண்டை. நீ விறகு அடுக்கினாய் என்று அழகம்மா, நீ சாக்கு மூட்டை சாத்தினாய் என்று மரகதம். பலகையை எடுத்துவிட்டுத் தகரம் அடித்த பிறகு ஒருத்தி இருமினால் இன்னொருத்திக்குக் கேட்கும். ஆனால் ஒரு வார்த்தை கிடையாது.

"டீச்சர்," என்றாள் அழகம்மா, மரகதத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்து. முன்னெல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "எம்பொண்ணு ப்ரியங்காவுக்கு போர்ட் பிளேர்ல நர்சிங் எடம் கெடைக்கிற மாதிரி இருக்கு. தாத்தா இங்க எறங்கின வருஷத்துக்குக் காகஜ் கேக்குறாங்களாம். நாளைக்குக் கப்பல். அந்த அட்டைப் படத்த அவ போன்ல ஏத்தி விட்டீங்கன்னா போதும்."

"இருக்குக்கா, உக்காருங்க," என்று மரகதம் டேப்பைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பெருந்தன்மை காட்ட ஒரு வாய்ப்பு. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காகஜ் எல்லாம் ஒரே இடத்தில்தான் வைத்திருந்தாள். ரேஷன் கார்டு இருந்தது, ஆதார் இருந்தது, ஓட்டுக் கார்டு இருந்தது. பழைய அட்டைகள் இல்லை. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். 2019-க்குப் போனாள். கடல் நனைத்த காகிதம் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மை பரவிய அட்டை, கறை படிந்த முகம், கலங்கிய எழுத்து. மிஷின் கண்ணுக்கு அதுவும் மங்கல்தான். ஓடுகிற பிள்ளையோடும் கிச்சடி ஆவியோடும் சேர்த்து அதையும் வாரிக் கொட்டிவிட்டது. அலையிலிருந்து மீட்டதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டது. குப்பைத் தொட்டியை அவளே கையால் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. டேப் ரிப்பேர், நெட் இல்லை, நாளைக்கு வா. நாளைக்குக் கப்பல் போய்விடும். ப்ரியங்காவின் இடமும் போய்விடும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அங்கன்வாடித் தராசில் அவளே எடை போட்ட பிள்ளை.

"அக்கா, அழிச்சிட்டேன்," என்றாள். "தெரியாமத்தான். மங்கலான படம்னு காட்டுச்சு, புள்ளைங்க படம்னு நெனச்சு அழுத்திட்டேன்."

அழகம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாமா?"

"நனஞ்ச காகஜ் எல்லாம்."

"ஒங்க அப்பாவோடதுமா?"

அதை மரகதம் அதுவரை நினைக்கவே இல்லை. அவளும் அடுத்த படியில் உட்கார்ந்தாள்.

"செல்லு மிச்சம் வச்சத மிஷின் தின்னுருச்சு," என்றாள் அழகம்மா. தகரத்துக்கு அந்தப் பக்கம் ப்ரியங்கா பெட்டி கட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று மரகதம் நிமிர்ந்தாள். "அக்கா, ப்ரியங்கா பள்ளிக்கூடத்து ஸ்காலர்ஷிப்புக்கு அந்த அட்டைய யார்கிட்ட குடுத்து விட்டோம்?"

"கப்பல் ஜெட்டிக் கடை குணாகிட்ட. நீதானே அவன் போன்ல ஏத்துன."

கோபத்திலும் யோசனையிலும் டீச்சர் போய் நீ வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி எழுந்து நடந்தார்கள். கப்பல் அணைகிற ஜெட்டிக்கு ஒன்றரை கிலோமீட்டர். முன்னால் ஒருத்தி, நாலடி பின்னால் ஒருத்தி. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்னா, ரெண்டு பேரும் சேந்து வர்றீங்க?" என்றான் குணா. "கப்பல் கிப்பல் கவுந்திருச்சா?"

குணாவின் போன் ஊருக்கே கேலிப்பொருள். கண்ணாடி உடைந்தது, திறக்க ஒரு நிமிஷம், படம் தெரிய இன்னொரு நிமிஷம். உள்ளே எறும்பு நுழைய இடமில்லை. போன மாதம்தான் மரகதம் அவனைப் பிடித்துக் கடிந்துகொண்டாள்: "அண்ணே, அந்தக் குப்பையக் கொஞ்சம் கழிச்சு விடுங்களேன், பாக்கவே அசிங்கமா இருக்கு." அவன் சிரித்துக்கொண்டே, எதையும் அழிக்கக் கை வரமாட்டேன் என்கிறது என்றான். இப்போது அவள் அந்தப் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சூரை மீன், வாசலில் கட்டிய ஆடு, ஜெட்டி வரிசை, தங்கச்சி கல்யாணம், ஆயிரம் காலை வணக்கம். மரகதம் தள்ளத் தள்ள அழகம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் மூச்சும் ஒருவர் மேல் ஒருவர் பட்டது.

"நில்லு," என்றாள் அழகம்மா. "பின்னால போ. அந்தா."

பாய். பாய்மேல் கலங்கிய அட்டை. இறங்கிய வருஷம் மட்டும் எப்படியோ மையிலிருந்து தப்பித்திருந்தது. அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரகதம் மளமளவென்று மற்றவர்களுடையதையும் தேடினாள். மொத்தம் ஐம்பத்திரண்டு வீட்டு அட்டைகளில் பத்தொன்பது அந்தப் போனில் கிடைத்தன. மிச்சத்தை, இந்த ஐந்து வருஷத்தில் போர்ட் பிளேர் போய் வந்தவர்களின் போனில்தான் தேட வேண்டும். அதற்கு ஒவ்வொரு வாசலிலும் நின்று, அழித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பையாவின் அட்டை மட்டும் எந்தப் போனிலும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் கொடுத்து அனுப்பியதில்லை. டேப்தான் தன்னிடமே இருக்கிறதே என்று இருந்துவிட்டாள். ஊர்க் காகஜ் எல்லாம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்க, சொந்த அப்பா மட்டும் ஒரே இடத்தில் இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். குணாவின் முன்னால் அழக் கூடாது என்று அவள் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"இரு," என்று அழகம்மா அதைப் பிடுங்கினாள். தன் அட்டைப் படத்தை இரண்டு விரலால் விரித்து, ஓரத்துக்கு நகர்த்தினாள். "இது எங்களோடது இல்ல. பாரு."

பாயில் இரண்டிரண்டாகப் பரப்பிய காகிதம். அழகம்மா அட்டைக்கு இடது பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு இன்னொரு அட்டையின் ஓரம் விழுந்திருந்தது. பேரின் கடைசி எழுத்துகள், 'பையா'. அதற்குக் கீழே, மை பரவிய, மங்கலான, முழுசான ஒரு கட்டைவிரல் ரேகை.

மரகதம் அழுதாள். குணா திரும்பிக்கொண்டு பிஸ்கட் டப்பாக்களை அடுக்கினான்.

அழகம்மா இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். "மரகதம், என் போன்ல எடம் கெடக்கு. ஒங்க அப்பாவையும் இதுல போட்டு வை."