மணமாகாதவர் வீட்டுப் புதிர்

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த நானும் மனைவியும் இரணைமடுக் குளத்தின் கீழ்ப்புறத்துக் கிராமமொன்றை அடைந்தபோது, தம் வீட்டின் முற்பாதியை எங்களுக்கு ஒதுக்கித் தந்தவர் ஐம்பதைக் கடந்த கமக்காரர் ஒருவர். அவர் மணம் செய்துகொள்ளாதவர். காதல் தோல்வியோ துறவு மனமோ காரணமன்று. இளமை விதைப்பிலும் அறுப்பிலும் கழிந்தது. பின்னர் தனிமையே அவருக்குச் சுவைத்துவிட்டது. முருங்கையில் கண்ணாடியைத் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டே சவரம் செய்வார். அவர் போடும் எலுமிச்சங்காய் ஊறுகாயின் பக்குவம் கேட்டு அயற்பெண்கள் வருவர். என் மனைவியும் அவர்களுடன் சேர்ந்துகொண்டமை எனக்குச் சிறிது மனத்தாங்கலே.

டீசல் அரிதாயிருந்தமையால் அவ்வாண்டு உழவியந்திரங்கள் ஓய்ந்திருந்தன. அவருடைய மயிலை எருதுகளே வயலை உழுதன. தைப்பூசத்தன்று, முற்றிய நெற்கதிரிற் சிறு பிடியை அறுத்து, வெள்ளைத் துணியிற் சுற்றித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொணர்வதைப் புதிரெடுத்தல் என்பர். இல்லத்தரசி வாயிலில் விளக்குடன் நின்று அதனை ஏற்றல் வேண்டும். நம் கமக்காரரோ ஆண்டுதோறும் இரு பணிகளையும் தாமே செய்துவந்தார். கதிர்ப்பிடியை வேலிப்படலையருகே நின்ற பூவரசங் கிளையில் தொங்கவிட்டு, பின்வாயிலால் உள்ளே ஓடி விளக்கேற்றி, முன்வாயிலால் வந்து தம்மைத் தாமே வரவேற்பார்.

அவ்வாண்டு புளியங்குளத்திலிருந்து அவருடைய தமக்கையார் ஒரு சம்பந்தத்துடன் வந்திறங்கினார். அவ்வூரில் மணமாகாதிருந்த, தையல் நன்கறிந்த பெண்மணி ஒருவர். தம்பியார் மறுக்கவே, தமக்கையார் நிபந்தனை விதித்தார். புதிர் இம்முறை குறையின்றி வீடு சேர்ந்தால் கலியாணப் பேச்சை இனி எடுப்பதில்லை. குறை நேர்ந்தால் தம்பி தலையாட்ட வேண்டும். அவரும் வீம்பில் ஒப்புக்கொண்டார். உதவக் கூடாதென்று என் மனைவிக்குக் கண்டிப்பான உத்தரவு.

பூசத்தன்று காலையில் வேடிக்கை பார்க்க அயலவர் கூடிவிட்டனர். கமக்காரர் கதிரோடு வந்தார், கிளையில் தொங்கவிட்டார், பின்புறம் ஓடினார். திரி நனைந்திருந்தது போலும், சற்றுத் தாமதமாயிற்று. அதற்குள் எருதுகளுள் ஒன்று வேலியோரம் வந்து, மூக்கால் துணியை விலக்கிக் கதிர் முழுவதையும் மென்று தின்றுவிட்டது. தடுக்க எழுந்த என்னைத் தமக்கையாரின் பார்வை இருத்திவிட்டது.

விளக்கோடு வந்தவர் வெறுந்துணியைக் கண்டு திகைத்து நின்றார்.

"என்ன தம்பி, பொம்பிளை வீட்டை எப்ப போவம்?" என்றார் தமக்கையார்.

கமக்காரர் எருதின் முன்சென்று விளக்கைச் சுற்றி ஆலாத்தி எடுத்தார். அதன் நெற்றியில் திருநீறும் இட்டார்.

"அக்கா, சேத்துக்குள்ளை நிண்டு உழுதவன் இவன். முதல் வாய் இவன் திண்டது குறையெண்டு நீ சொல்லு, நான் நாளைக்கே தாலி கட்டுறன்."

தமக்கையாரும் கமக்காரர் ஒருவரின் மனைவி. உழுத மாட்டைக் குறைகூற அவருக்கு நா எழவில்லை.

"சொல்லுங்கோவன் அக்கா, நாங்களும் கேப்பம்" என்று அயலவர் ஒருவர் சீண்டினார்.

"நீ வாயைப் பொத்தடா" என்றவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "போய் இன்னொரு பிடி அறுத்துக்கொண்டு வா. நான் வாசலிலை நிக்கிறன். உன்ர ஓட்டத்தைப் பாக்க எனக்கெல்லோ மூச்சு வாங்குது."

அவ்வாறே தமக்கையார் ஏற்ற கதிரின் மணிகளைக் குற்றிப் பழைய அரிசியுடன் கலந்து பொங்கினோம். உண்டு முடிந்தபின் தமக்கையாருக்குப் புதுக்கவலை பிறந்தது. பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது? கமக்காரர் உள்ளே சென்று கொத்துப் படியால் ஒரு பையிற் சிவப்பரிசி அளந்து வந்தார்.

"இதைக் குடு. அரிசி நல்லது, ஆள்தான் சரிவராது எண்டு சொல்லு."

தமக்கையார் பையைத் தூக்கிப் பார்த்தார். "இது காணாது. அவா நல்ல பிள்ளை. இன்னும் ஒரு கொத்துப் போடு."

அவர் இரண்டு கொத்துப் போட்டார்.