ராஜாவுக்கு ஒற்றைச் செருப்பு

ஆவடியைத் தாண்டி இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் துறை விழாவில் ஒரு முடிசூட்டு விழா நடக்கும். ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டை மகுடம், யாரோ ஒருவரின் அம்மாவுடைய பட்டுப் புடவை, பின்னணியில் தஞ்சைக் கோபுரம். போன வருடம் எனக்கே அலுத்துப்போய், மகுடமே இல்லாத ராஜாவைக் காட்டலாம் என்று சொன்னேன்.

இடைக்கால ஐரோப்பா பாடத்தில் அயர்லாந்தின் பழங்குடிகளான கேலிக் (Gaelic) இன அரசர்களைப் பற்றி அரைப் பக்கம்தான் வரும். எனக்கு மிகவும் பிடித்த அரைப் பக்கம் அது. புதிய அரசர் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், திறந்தவெளியில், ஒரு கல்லின் மேல் நிற்பார். சில கற்களில் காலடித் தடம் செதுக்கியிருக்கும். கையில் நேரான வெள்ளைக் கோல் ஒன்றைக் கொடுப்பார்கள். கோணல் இல்லாமல், கறை இல்லாமல் ஆள வேண்டும் என்று அதற்குப் பொருள். தன் நாட்டைப் பார்ப்பதுபோல அவர் சுற்றித் திரும்புவார். அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் சிற்றரசர் ஒரு செருப்பை எடுத்து அவர் தலைக்கு மேலாக வீசுவார். பிறகு புதிய அரசரின் பெயரை உரக்கச் சொல்வார். அவ்வளவுதான், அவர் ராஜா.

கோல் சுலபமாகக் கிடைத்தது. பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஒரு சவுக்குக் கழியைக் கேட்டு வாங்கி, பட்டையை உரித்துச் சுண்ணாம்பு அடித்தோம். கேன்டீனுக்குப் பின்னால் கிடந்த கருங்கல் பலகையில் மாணவிகள் ஒரு காலடியை வரைந்தார்கள். செருப்புக்காக நான் பூந்தமல்லி போனேன்.

அங்கே கடைவீதியில் தோல் செருப்பு தைக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். வலது கால் மட்டும் போதும் என்றேன். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"யாருக்கும்மா? ஆக்சிடென்ட்டா?"

இல்லை பாய், ராஜாவுக்கு என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஜோடியாத்தான்மா தைப்பேன். ஒத்தையா தச்சுக் குடுக்க மனசு வரல. இன்னொண்ண நீங்க என்ன வேணா செஞ்சுக்கோங்க. ராஜா கால் என்ன சைஸு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களிடம் ராஜாவே இல்லை.

ராஜாவாக நிற்க முதலில் நான்கு மாணவர்கள் கை தூக்கியிருந்தார்கள். செருப்பு தலைக்கு மேலே பறக்கும் என்று தெரிந்ததும் நான்கு கைகளும் இறங்கிவிட்டன. ஒருவனுடைய அப்பா எனக்கு ஃபோன் செய்து, "அந்த ஊர்ல அது மரியாதையா இருக்கலாம் மேடம், நம்ம ஊர்ல வேற அர்த்தம்" என்று நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் மாலை கல்லூரிப் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து இதைத்தான் சக ஆசிரியையிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஓட்டுநருக்குச் சொந்த ஊர் சென்னையின் பாடி. ஐம்பதை நெருங்கும் வயது, ஆறடி உயரம். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"நா நிக்கறேன் மேடம்."

"செருப்பு தலைக்கு மேல போகும், அண்ணா."

"மேல தான போவுது? தலைல உயுந்தா தான பிரச்சன. ராசான்னு சொல்றீங்க, அப்பறம் இன்னா?" சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "வீசறது யாரு?"

"ராஜாவுக்கு அடுத்த பெரிய ஆள்தான் வீசணும். உங்களை ஒத்துக்கிட்டேன்னு ஊரறிய காட்டுற மாதிரி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எங்க இன்சார்ஜ் தான் கரீட்டு. அவுரு ஒத்துக்கினா எனக்கு அதுவே போதும்."

போக்குவரத்து இன்சார்ஜ் முன்னாள் ராணுவ வீரர். மடிப்புக் கலையாத சட்டை. ஓட்டுநர்களைத் தடம் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்; எங்கள் ஓட்டுநர் அவருக்கு "ஏழாம் நம்பர்". காலையில் வண்டி ஐந்து நிமிடம் தாமதமானாலும் இருவருக்கும் வாக்குவாதம் உண்டு. அவர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் விழாமுறை என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை அடி தூரம், எந்தக் கை, எந்தத் திசை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பாயிடம் பத்தாம் சைஸ் என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகையில் இன்சார்ஜ் மூன்று முறை வீசினார். முதல் முறை செருப்பு வேப்ப மரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது சரியாகப் போனது. மூன்றாவது ஓட்டுநரின் காதை உரசியது. "சார் வேணும்னே தான அட்ச்சீங்க?" என்றார் ஓட்டுநர். "காத்து" என்றார் இன்சார்ஜ்.

விழாவை மைதானத்தில் வைத்தோம். கல்லூரி முதல்வர் முன்வரிசையில் கொஞ்சம் கவலையாகவே உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் வெள்ளை வேட்டியும் தோளில் ஒரு பச்சைப் போர்வையுமாக வந்து கல்லில் ஏறி, வரைந்த காலடியில் வலது காலைப் பொருத்தி நின்றார். மாணவி ஒருத்தி கோலைக் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூன்று சுற்றுச் சுற்றினார். மைதானத்து வேலி, நிறுத்தியிருந்த பேருந்துகள், தூரத்து ரயில் பாதை எல்லாவற்றையும் உண்மையிலேயே அளந்து பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அவர் பார்த்த பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்சார்ஜ் செருப்போடு முன்னால் வந்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. மனசு மாறிவிட்டாரோ, மைதானத்தை விட்டே போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் கையைத் தாழ்த்தினார். பிறகு கல்லுக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, செருப்பை ஓட்டுநரின் காலில் மாட்டப் போனார்.

ஓட்டுநர் காலை இழுத்துக்கொண்டார். "சார், வேணா சார்."

"அசையாத நில்லுப்பா" என்றார் இன்சார்ஜ். வாரை இழுத்து மாட்டி, எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, ஓட்டுநரின் பெயரை அடிவயிற்றிலிருந்து சொன்னார். அணிவகுப்பில் கட்டளை கொடுக்கும் குரல் அது. அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மைதானம் அதைத் திருப்பிச் சொன்னது, பையன்கள் விசிலடித்தார்கள், முதல்வரும் கைதட்டினார். ஓட்டுநர் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அதிகம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் இன்சார்ஜிடம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"முதல்வர் உட்கார்ந்திருக்காங்க மேடம். குறி தப்பிடும்னு தோணிச்சு" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தார். சில ஊர்களில் செருப்பைக் காலில் மாட்டிவிடுவதாகவும் குறிப்புகள் இருக்கின்றன, நீங்கள் செய்ததும் முறைதான் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை வண்டி பத்து நிமிடம் தாமதம். இருவரும் வழக்கம்போல வாசலில் சண்டை போட்டார்கள். இந்த முறை இன்சார்ஜ் பெயரைச் சொல்லித் திட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை அம்பத்தூர் எஸ்டேட் அருகே லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றபோது ஓட்டுநர் கேட்டார்.

"அந்த ராசாங்கல்லாம் அப்பறம் இன்னா ஆனாங்க மேடம்?"

"இங்கிலீஷ் படை வந்தது. வடக்குப் பக்கம் ஒரு ராஜாவுக்குப் பட்டம் கட்டுற கல்லை உடைச்சுப் போட்டுட்டாங்க."

முன்னால் இருந்த லாரி நகர்ந்தது.

"அந்த ஊர்ல வேற கல்லே கெடைக்கலியா?" என்று கேட்டபடி கியரைப் போட்டார்.