ஏழு சீட் வேனும் கால் மைல் ரோடும்

வீட்டு வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஓட்டுவதுதான் கடைசி வேலை. மற்றவர்களைச் சமாளிப்பதுதான் முதல் வேலை. நீங்களும் இதில் அடிபட்டவர்தானே? அப்படியென்றால் கிட்ட வாருங்கள், உங்களுக்குப் புரியும்.

வீட்டில்

இரண்டாயிரத்துப் பதினான்கு வாக்கில் இது நடந்தது. வாரண்ட் என்கிற தகுதிச் சான்று உள்ள எந்த வண்டியானாலும் பந்தய ரோட்டுக்கு வரலாம், கால் மைல் தூரம் எவ்வளவு வேகமாகவும் ஓட்டலாம் என்று வார்டில் கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி சொன்னாள். பிளாக்ஹவுஸ் பே வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், கோயில், ஒனிஹங்கா கடை என்று ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டி ஓட்டி எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ஒரே ஒரு தடவை ஆக்ஸிலேட்டரைத் தரை வரைக்கும் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பந்தயத்தில் உடைந்தால் இன்சூரன்ஸ் கிடையாது என்று என் வீட்டுக்காரர் பாலிசியை எடுத்து வாசித்தார். "உடைந்தால் பஸ்ஸில் போகிறேன்" என்றேன். அவர் பாலிசியை மடித்து வைத்தார்.

"அம்பது வயசுல ஆளுங்க பத்துமலை முருகனைப் பாக்கப் போவாங்க. நீ பந்தயத்துக்குப் போறியா?"

சோதனையில்

வண்டிக்குள் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாதாம். பரிசோதகர் கதவைத் திறந்ததும் வந்தது பாருங்கள்: பத்துக் கிலோ அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி, கோயிலுக்குக் கொண்டுபோன சாம்பார் பாத்திரம், யாருடையது என்றே தெரியாத மூன்று குடை. "பழுதானா கட்டி இழுத்துக்கிட்டு வர ஆள் வேணுமில்ல" என்று கூடவே வந்திருந்த வீட்டுக்காரர், எல்லாவற்றையும் வேலியோரம் இறக்கி, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் டாஷ்போர்டுப் பிள்ளையார். இதையும் எடுங்கள் என்றார் பரிசோதகர். முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, வேன்தான் ஆடியது.

"உங்க பேட்டரியவிட இவர் கெட்டியா உக்காந்திருக்கார். இருக்கட்டும்."

வரிசையில்

இங்கேதான் தப்புப் பண்ணினேன். முதல் ஓட்டமாயிற்றே என்று, வரிசையில் நிற்கும்போது இறங்கி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். பந்தய ரோட்டில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தாலும் வண்டி வழுக்கும், அதுதான் அங்கே முதல் விதி என்பது எனக்குத் தெரியாது. மஞ்சள் சட்டை போட்ட பந்தய ஊழியர்கள் ஓடி வந்தார்கள். வரிசை மொத்தமும் நின்றது. பின்னால் நீலக் காரில் இருந்த இளவட்டம் தலையை வெளியே நீட்டி, "அந்த ஆன்ட்டிய வீட்டுக்கு அனுப்புங்க" என்று கத்தினான்.

அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கோபம் வந்தது, நல்லவேளை. துணியை எடுத்து, ரோட்டில் முட்டி போட்டு, நான்கு டயரையும் காயும்வரை துடைத்தேன். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போறீங்களா, வரிசைக் கடைசிக்குப் போறீங்களா?"

ரோட்டில்

கடைசிக்குத்தான் போனேன். என் முறை வந்தபோது பக்கத்துத் தடத்தில், இரண்டாவது ஓட்டத்துக்கு வந்த அதே நீலக் கார். பச்சை விளக்கு எரிந்தது; தரை வரைக்கும் மிதித்தேன். அவன் போய்ச் சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் வேன் அப்படி உறுமி நான் கேட்டதே இல்லை. ஹெல்மெட்டுக்குள் ஒற்றை ஆளாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

நேரம் அச்சடித்த சீட்டை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். பத்தொன்பது செகண்டு. மூட்டையிலிருந்து எழுந்து, இரண்டு தடவை படித்துவிட்டு, வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏசியப் போட்டுக்கிட்டா ஓட்டுன? அத அணைச்சிட்டு மறுபடி போ."

மூன்று தடவை ஓடி மூன்றிலும் தோற்றேன், ஆனால் வீட்டுக்குப் போகும் நேரத்தை நானேதான் முடிவு செய்தேன்.