உது சூடு, அண்ணை

போன வியாழக்கிழமை சண்டிலிப்பாயில் என் அண்ணையின் அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இலைக்காரர் தூரத்து உறவு. பரிமாற வந்த என் மச்சாளை, அதுதான் அண்ணையின் மனைவியை, மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, மனிசனுக்கு என்ன வருத்தம்? என்ன நோயிலை போனவர்?"

"சூடு" என்றார் மச்சாள். "உள்சூடு."

அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான்.

இரண்டு வருஷம் இருக்கும். தோட்டத்தில் புகையிலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற அண்ணை என்னைக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டேய் தம்பி... வெளிக்குப் போகேக்கை ரத்தம் போகுதடா. மச்சாளிட்டைச் சொல்லிப்போடாதை."

டொக்டரிடம் போங்கள் என்றேனா? வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற பெரிய மனிசன் அல்லவா நான்! யோசிக்கவே இல்லை.

"உது சூடு, அண்ணை. நாள் முழுக்க வெய்யிலுக்கை நிண்டால் வேறையென்ன? வெந்தயம் ஊறவைச்சுக் குடியுங்கோ. எண்ணெய் வைச்சு முழுகுங்கோ."

"பேப்பரிலை எழுதிற நீ சொன்னாச் சரிதான்" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும்தான்! அந்த இடத்தை ஒரு டொக்டருக்குக் காட்டுகிற பேச்சிலிருந்து இருவருமே தப்பிவிட்டோம்.

எவ்வளவு வசதியான சொல் பாருங்கள். கண் சிவந்தாலும் சூடு, வாய் அவிந்தாலும் சூடு. சூடு என்று சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. சூட்டுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதுமில்லை.

வெந்தயம் குடித்தால் நாலு நாள் இரத்தம் நிற்கும். பிறகு வரும். நின்ற நாட்களில் அண்ணைக்கு என் வைத்தியத்தில் நம்பிக்கை கூடியது. ஆள் மெலிந்தார். "என்னண்ணை, புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள்" என்று பகிடி வேறு விட்டேன், பாவி! கடைசியில் வயிறு ஊதி, ஒன்றும் போகாமல் துடித்தபோதுதான் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

டொக்டர் கையுறையை மாட்டி அந்த இடத்தை விரலால் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு ஸ்கானும் எடுத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"குடலிலை புற்றுநோய். விரலுக்கு எட்டிற இடத்திலைதான் இருக்கு. இப்ப ஈரலுக்கும் பரவிட்டுது. அப்பவே காட்டியிருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம்."

விரலுக்கு எட்டிற இடம்... இரண்டு வருஷம்!

"நீர் கூடப்பிறந்த தம்பியெல்லோ?" என்று தொடர்ந்தார். "உது சில குடும்பங்களிலை ஓடும். உமக்கும் ஐம்பது வரப்போகுது. ஒரு வருத்தமும் இல்லாட்டியும் ஒருக்கா வந்து காட்டும். துவக்கத்திலை உது ஒரு நோவும் காட்டாது."

கடைசி வாரத்திலும் அண்ணை என்னைத்தான் கேட்டார்.

"தம்பி, வெந்தயத்தை இடையிலை விட்டதுதான் பிழைச்சுப் போச்சோ?"

அன்று அவருக்குச் சொல்லாததை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்கிறேன் — பிழை என்னுடையது. என்னைப் போல ஒரு தம்பி உங்கள் வீட்டிலும் இருப்பான். அவனிடம் மருந்து கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளர்களுக்குத் துண்டுச்சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன வருத்தம் ஐயா?"

பின்னால் வரிசையில் எல்லாம் தெரிந்த முகங்கள். நாக்கு நுனி வரை அந்தப் பழைய சொல் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வருத்தம் ஒண்டுமில்லைத் தம்பி. குடலுக்குள்ளை புற்றுநோய் இருக்கோ எண்டு பாக்க வந்தனான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வருத்தம் இல்லாட்டி என்னத்துக்கு ஐயா வந்தனீங்கள்? வருத்தம் வந்தாப் பிறகு வாங்கோ!"

வரிசை சிரித்தது.

"என்ரை அண்ணை அப்பிடித்தான் தம்பி வந்தவர். நீர் துண்டை எழுதும்."